சுவரில் எழுதியிருக்கும் அந்த வாசகம்: பெண்கள் பள்ளி டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பெண்கள் பள்ளிகளில் பாடம் நடத்தும் எல்லா டீச்சர்களுக்கும் வணக்கம்.

நான் உங்களில் ஒருத்தி. 28 வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பெரும்பாலான காலம் தென்மாவட்டத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில். கடைசி நாளன்று சால்வை, சந்தன மாலை, குரூப் போட்டோ எல்லாம் முடிந்து கிளம்பும்போது என் மகள், வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றாள். எனக்குப் பின்னால் இருந்தது, நம் பள்ளிகளில் ஏதாவது ஒரு சுவரில் எப்போதும் இருக்கும் அந்த வாசகம். ஓர் ஆண் படித்தால் அவன் ஒருவன் படித்தவனாகிறான், ஒரு பெண் படித்தால் ஒரு குடும்பமே படித்ததாகிறது. போட்டோ எடுத்து முடித்துவிட்டு அதைத் திரும்ப ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் கேட்டாள்: “ஏம்மா, இதுல பையன் அவனுக்காகப் படிக்கிறான். பொண்ணு யாருக்காகப் படிக்கிறா?”

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை வருஷமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறேன். ஒரு ஐப்பசி மழையில் எழுத்து ஊறி உதிர்ந்தபோது, பெயின்டர் பக்கத்தில் நின்று ஒற்றுப்பிழை பார்த்து மறுபடி எழுத வைத்ததே நான்தான். அந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன், அதனால்தான் இந்த மடல். கல்வித் துறைக்கோ அமைச்சருக்கோ எழுதலாம்தான், ஆனால் நான் சொல்ல வந்தது அரசாணை போட்டு நடக்கிற காரியம் இல்லை, நம் வாயிலிருந்து வருகிற சொற்களைப் பற்றியது.

என் ஆச்சியிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆச்சி மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி வாசிப்பாள், கையெழுத்துப் போடுவாள், அவ்வளவுதான். அந்த அளவுக்குப் படித்ததே அந்தக் காலத்தில் பெரிய விஷயம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. தாத்தா பனை ஏறுவார், ஆச்சி பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்பாள், வாரச் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அவளே விற்பாள். மனக்கணக்கில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. அவள் சத்தம் போட்டால் சந்தையின் அடுத்த முனைக்குக் கேட்கும். விற்ற காசு அவள் சுருக்குப் பையில்தான் இருக்கும், தாத்தா கேட்டு வாங்கித்தான் நான் பார்த்திருக்கிறேன். இதற்காக ஆச்சி சுதந்திரமாக வாழ்ந்தாள் என்று சொல்ல வரவில்லை. ஏழு பிள்ளை பெற்று மூன்றைப் புதைத்தவள், தாத்தாவிடம் அடியும் வாங்கியவள். ஆனால் பெண் என்றால் சத்தமில்லாமல் பேசணும், நாலு பேர் நடுவில் உட்கார்ந்து காசு எண்ணக் கூடாது என்கிற எண்ணமெல்லாம் அவளுக்கு இருந்ததே இல்லை. அதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

அம்மாவை ஆச்சி ஒரு மிஷன் போர்டிங்கில் சேர்த்தாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் படிப்புக்குக் கிட்டத்தட்ட இருநூறு வருஷக் கதை உண்டு, உங்களில் நெல்லை, குமரிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இடையன்குடிக்குப் போனபோது அதே இரண்டையும் அங்கே கொண்டுபோனார், எழுத்தையும் ஊசியையும். அந்த லேஸ் எத்தனையோ பெண்களுக்குக் கையில் சொந்தக் காசு கொடுத்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரண்டும் சேர்ந்தே வந்ததால், படித்த பெண் என்றால் குனிந்து உட்கார்ந்து, சத்தம் வராமல், கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வேலை செய்கிறவள் என்ற ஒரு உருவமும் கூடவே வந்துவிட்டது. அம்மா படித்த காலத்திலும் போர்டிங்கில் அந்த உருவம் அப்படியே இருந்தது. பாடத்துக்கு ஒரு மார்க், அடக்கத்துக்கு ஒரு மார்க். இரண்டிலும் அம்மாதான் முதல்.

டீச்சர் டிரெயினிங் முடித்து அம்மா வேலைக்குப் போன வருஷம் நடந்த ஒன்றை ஆச்சி சாகும்வரை திரும்பத் திரும்பச் சொல்வாள். முதல் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்த அம்மா, ஆச்சியைச் சந்தைக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். “டீச்சரோட அம்மா சந்தையில உக்காந்து கூவுனா ஊர்ல என்ன நினைப்பாங்க?” அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வெயிலில் சுமக்கிற தாயை உட்கார வைக்க வேண்டும் என்கிற ஆசையும் அதில் இருந்தது. ஆனால் அன்றைக்கு ஆச்சியின் சுருக்குப் பை காலியானது. அதற்குப் பிறகு வெற்றிலைக்குக்கூட மகளிடமோ தாத்தாவிடமோ கேட்டுத்தான் வாங்கினாள். அம்மாவின் சம்பளக் கவரோ அப்பாவின் சட்டைப் பைக்குப் போனது. நாற்பது வருஷம் வேலை பார்த்த அம்மா ஒரு மாதம்கூட அந்தக் கவரைத் தானே பிரித்து எண்ணியதை நான் பார்த்ததில்லை. காலை நாலரைக்கு எழுந்து இரண்டு வேளைச் சமையலையும் முடித்துவிட்டு ஓடுவாள், சாயங்காலம் வந்ததும் மறுபடி அடுப்படி. அப்பாவும் வாத்தியார்தான், அதே பள்ளிதான், அதே நேரம்தான். அவர் வந்ததும் பேப்பர் படிப்பார்.

சரி, இது எல்லா வீட்டிலும் இருந்ததுதானே என்பீர்கள். இருந்ததுதான். ஆனால் நான் கவனித்த விஷயம் வேறு. அம்மாவுக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை, பெருமைதான் இருந்தது. வேலைக்கும் போய் வீட்டையும் ஒரு குறை சொல்ல முடியாமல் பார்த்துக்கொள்கிற பெண், அதுதான் அவள் பள்ளிக்கூடத்தில் படித்து வந்த படம். படிக்காத ஆச்சிக்குப் பெண் என்றால் இது இது என்று ஊர் சொன்னது, ஆச்சி பாதியைக் கேட்டாள், மீதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் சொன்னது. பள்ளிக்கூடம் சொன்னால் அது அறிவு, மீற முடியாது. பழைய எண்ணங்களைப் படிப்பு துடைத்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். சிலவற்றைத் துடைத்தது, உண்மைதான். சிலவற்றுக்குப் புதுச் சட்டை போட்டு, இதுதான் நாகரிகம் என்று கையில் கொடுத்தும் அனுப்பியது.

என் முறை வந்தது. கணக்கில் எனக்கு நல்ல மார்க். இன்ஜினியரிங் போகலாம் என்று ஒரு வாத்தியார் சொன்னார், என் கல்லூரி டீச்சர்கள் எல்லாரும் பி.எட். போகச் சொன்னார்கள். “டீச்சர் வேலைன்னா நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துரலாம், பிள்ளைங்களுக்கு லீவு விடும்போது நமக்கும் லீவு, வீட்டையும் பாத்துக்கலாம்.” இதையே பின்னாளில் நான் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன், கணக்கே இல்லை.

டீச்சர் வேலை பெண்ணுக்கு ஏற்றது என்ற சொல்லுக்கு ஒரு பிறப்பு உண்டு, அதைத் தெரிந்துகொண்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறுவயதிலேயே விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார், சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர். மறுவருஷமே தன்னைப் போன்ற சின்னஞ்சிறு விதவைகளைச் சேர்த்து இல்லம் நடத்தத் தொடங்கினார். மூலையில் உட்காரச் சொன்ன பிள்ளைகளைப் படிக்க வைத்து டீச்சராக்கித் தெருவில் நடந்து வேலைக்குப் போக வைத்தார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய மீறல்! அதற்குச் சில வருஷம் முந்தி புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டி ஆண்கள் கல்லூரியில் சேரப் போனபோது பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பி, மன்னர் தலையிட்டுத்தான் அனுமதி கிடைத்தது. 1912இல் அவர் டாக்டராகவே வெளியே வந்துவிட்டார். இவர்களெல்லாம் கதவை உடைத்துக்கொண்டு போன இடம் வகுப்பறை. நாங்கள் அந்த வகுப்பறைக்குள் நின்றுகொண்டு, “பொம்பளப் பிள்ளைக்கு இதுதான் பாதுகாப்பு, இதைத் தாண்டிப் போகாதே” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். சொல் ஒன்றுதான். அவர்கள் வாயில் அது வெளியே வரச் சொன்னது, எங்கள் வாயில் உள்ளேயே இருக்கச் சொன்னது.

இப்போது நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

2003 வாக்கில் என் வகுப்பில் ஒரு பெண். பத்தாம் வகுப்பில் கணக்கில் 97. அவள் அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். லீவு நாளில் பட்டறைக்குப் போய் அவர் பக்கத்தில் நின்று வெர்னியர் காலிப்பர் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுக்கப் போவதாகச் சொன்னாள். அப்பாவுக்கும் சம்மதம். மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் அம்மாவோடு வந்தபோது ஸ்டாஃப் ரூமில் உட்கார வைத்து, அரைமணி நேரம் பேசி அந்த எண்ணத்தைக் கலைத்தவள் நான். “முழு வகுப்பும் பசங்களா இருப்பாங்க, கிரீஸும் கரியுமா நிக்கணும், நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்வாங்க, பிளஸ் ஒன்ல சேத்துவிடுங்க, அப்புறம் பி.எஸ்சி., பி.எட். போகட்டும்.” அவள் அம்மா தலையாட்டினார். டீச்சரே சொல்லிவிட்டாரே.

2019இல் ஒரு பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். பி.எஸ்சி. முடித்துக் கல்யாணம், வேலைக்குப் போகவில்லை, வீட்டில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். பக்கத்தில் ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சிரித்துக்கொண்டே, “அன்னைக்கு நீங்க சொன்னதுதான் டீச்சர் நல்லது, இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ” என்றாள். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, “இவளும் அப்படித்தான் டீச்சர், ஸ்குரூடிரைவரும் கையுமா அலையுதா, நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன், பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்னு” என்றாள்.

என் வாயிலிருந்து வந்த வாக்கியம், பதினாறு வருஷம் கழித்து, அவள் வாய் வழியாக, என் கண் முன்னாலேயே அடுத்த பிள்ளையின் காதுக்குப் போனது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். நான் ஏற வேண்டிய பஸ்ஸும் அதுதான், ஏறவில்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் இதைத்தான் எண்ணிக்கையில் சொல்கிறார்கள். ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் தனித்தனியாகக் கேட்டு, பெண் என்றால் இப்படி, ஆண் என்றால் இப்படி என்கிற எண்ணங்கள் எப்படிக் கைமாறுகின்றன என்று பார்த்திருக்கிறார்கள். கூடப் படிக்கும் பிள்ளைகளைவிடப் பெற்றோரின் எண்ணம்தான் அதிகம் ஒட்டுகிறது. பெற்றோரிலும் அப்பாவைவிட அம்மாவின் எண்ணம். இதைச் சொன்னால் உடனே, எல்லாப் பழியையும் அம்மாக்கள் தலையில் கட்டுவதா என்று கோபம் வரும், நியாயமான கோபம். எனக்கும் வந்தது. ஆனால் அந்த அம்மாக்கள் எல்லாரும் அதற்கு இருபது வருஷம் முந்தி எங்கே உட்கார்ந்திருந்தார்கள்? நம்மைப் போன்றவர்களின் வகுப்பில், பெஞ்சில். அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டது பாதி மறந்திருக்கும். தேற்றமும் சூத்திரமும் யாருக்கு நினைவிருக்கிறது? “பொண்ணா லட்சணமா இரு” என்று நாம் சொன்னது மறந்திருக்காது.

இன்னொன்றும் அங்கே செய்து பார்த்தார்கள். ஏழு, எட்டாம் வகுப்பில் தொடங்கி, பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம், வீட்டு வேலை யாருடையது, அக்காவை ஏன் படிப்பை நிறுத்தினார்கள், தம்பியை ஏன் நிறுத்தவில்லை என்று பேச வைத்தார்கள். இரண்டரை வருஷம் இப்படி. முடிவில் பிள்ளைகளின் எண்ணம் மாறியிருந்தது, திட்டம் முடிந்து இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றம் நின்றிருந்தது. பையன்கள் வீட்டு வேலை செய்வதும் கூடியிருந்தது. பெண் பிள்ளைகளின் எண்ணம் மாறிய அளவுக்கு நடப்பு மாறவில்லை, வீட்டில் விட வேண்டுமே! ஆனாலும் மூன்று வாரத்துக்கு ஒரு பீரியட் இவ்வளவு செய்யுமென்றால், வாரத்துக்கு ஏழெட்டு பீரியட் அந்தப் பிள்ளைகளோடு இருக்கும் நாம் என்னதான் செய்ய முடியாது?

நம் மாநிலத்தில் பெண் பிள்ளைகள் படிப்பதில் குறையே இல்லை. 2024 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.44 சதவீதம் தேர்ச்சி, மாணவர்கள் 92.37. ஒவ்வொரு வருஷமும் மே மாதம் பேப்பரில் இதே தலைப்பு வரும், நாமும் லட்டு கொடுப்போம். உயர்கல்விக்குப் போவதிலும் நாட்டின் சராசரியை எங்கோ பின்னால் விட்டுவிட்டோம். அதற்கப்புறம் அந்த 96.44 வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது? 2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாடு முழுக்க, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதற்குக் கொடுக்கிறாள், ஆண் 88 நிமிடம். கணக்கு டீச்சராக அந்த வித்தியாசத்தைப் போட்டுப் பார்த்தேன், 201 நிமிடம். நம் பள்ளியில் நாற்பது நிமிடப் பீரியட் ஐந்து. தினமும் ஐந்து பீரியட், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. இதைவிடக் கஷ்டமான எண் ஒன்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் இருக்கிறது. சில காரணங்களுக்காகப் புருஷன் மனைவியை அடிக்கலாம் என்று ஒத்துக்கொண்ட ஆண்கள் 44 சதவீதம், பெண்கள் 45 சதவீதம். நாடு முழுக்கவுள்ள சராசரிதான், ஆனால் பெண்கள் ஒரு சதவீதம் கூடுதல் என்பதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அரசாங்கமும் நீண்ட காலம் நம்மைப் போலத்தான் யோசித்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் ஒரு திருமண உதவித் திட்டம் வந்தது, குறிப்பிட்ட வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்குப் பணம். 2011க்குப் பிறகு பத்தாவது படித்தால் 25,000 ரூபாய், பட்டமோ டிப்ளமாவோ என்றால் 50,000, இரண்டுக்கும் தாலிக்குத் தங்கம். அந்தத் திட்டத்தால் பத்தாவதுவரை பள்ளியில் நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம், “டிகிரி முடிச்சா அம்பதாயிரம் டீச்சர்” என்றபோது, அவள் மனதில் டிகிரி எங்கே போய் முடிகிறது என்று எனக்குப் புரிந்தது. 2022இல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டுவரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் கணக்கிலேயே. தாலிக்குத் தங்கம் என்பது போய்ப் படிப்புக்குப் பணம் என்றானது. ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை என்று சிலர் சொல்லலாம், ஆனால் ஆச்சியின் சுருக்குப் பையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதன் அருமை தெரியும்.

அரசாங்கம் முப்பத்து மூன்று வருஷம் கழித்தாவது மாற்றிக்கொண்டது. நாம் எப்போது மாற்றிக்கொள்வது?

முதலில் அந்தத் தாம்பாளத்தை நிறுத்துங்கள். ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார் என்றால், ஒன்பதாம் வகுப்பில் பார்க்க லட்சணமாக இருக்கிற எட்டுப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பட்டுப் பாவாடை கட்டச் சொல்லி, சந்தனம் கற்கண்டு குங்குமத்தோடு வாசலில் இரண்டு வரிசையாக ஒன்றரை மணி நேரம் நிற்க வைப்போம். விருந்தினர் லேட்டாக வருவார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அந்த எட்டுப் பேரும், தேர்ந்தெடுக்கப்படாத மீதி நாற்பது பேரும் என்ன பாடம் படிக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. விருந்தினரை எச்.எம். வரவேற்கட்டும். அல்லது அறிவியல் கண்காட்சியில் ஏதாவது செய்த பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்கட்டும்.

விளையாட்டுப் பீரியடைத் திருடாதீர்கள். இதில் கணக்கு டீச்சர்கள்தான் முதல் குற்றவாளி. பத்தாம் வகுப்பு என்றாலே பி.டி. பீரியட் நமக்கு என்று எழுதாத சட்டம் வைத்திருக்கிறோம். பையன்களுக்குச் சாயங்காலம் தெருவில் கிரிக்கெட் இருக்கிறது, ஆற்றங்கரை இருக்கிறது. நம் பிள்ளைகளில் பாதிப்பேருக்குப் பள்ளி மைதானத்தை விட்டால் வாழ்நாளில் ஓடுவதற்கு வேறு இடம் கிடையாது. நான் எடுத்துக்கொண்ட அந்தப் பீரியடுகளில் நடத்திய தேற்றங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓட்டத்தை வாங்கிக் கொடுக்க முடியுமானால் இன்றைக்கே செய்வேன்.

பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போதும் பாலிடெக்னிக் பற்றிக் கேட்கும்போதும், மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாம் பேசக் கூடாது. பயப்படுவது பெற்றோரின் வேலை, அதை அவர்கள் நன்றாகவே செய்வார்கள், நாமும் சேர்ந்து பயமுறுத்த வேண்டியதில்லை. பிள்ளையின் மார்க், அவள் கை எதில் ஓடுகிறது, எந்தக் கல்லூரியில் ஹாஸ்டல் உண்டு, ஃபீஸ் எவ்வளவு, எந்த உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிக்கணும், இதை மட்டும் பேசுவோம். நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் நம் மாநிலத்தில்தான் இருக்கிறார்கள், மெஷின் பக்கத்தில் பெண் நிற்பதெல்லாம் இங்கே ஊரறிந்த விஷயம், நம் ஸ்டாஃப் ரூமுக்கு மட்டும்தான் இன்னும் தெரியவில்லை.

வீட்டுப் பாடம் செய்யவில்லை என்று ஒரு பிள்ளை நின்றால், ஏன் என்று கேளுங்கள். “தம்பிக்குச் சாப்பாடு போட்டேன், பாத்திரம் விளக்கினேன்” என்று சொன்னால், “நல்ல பொண்ணு” என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன், பரிவு என்று நினைத்து. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மாவிடம் தம்பிக்கு என்ன வயது என்று கேளுங்கள். பன்னிரண்டு என்றால், அவன் தட்டை அவன் கழுவலாமே என்று சொல்லுங்கள். டீச்சர் சொன்னால் கேட்பார்கள், அதை நான் 2003இலேயே பார்த்துவிட்டேன்.

மனையியல் என்று ஒரு பாடம் நம் பெண்கள் பள்ளிகளில் வெகுகாலம் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. நல்ல பாடம்தான், சத்துணவும் சுகாதாரமும் யாருக்கு வேண்டாம்? ஆனால் அறுபது வருஷத்துக்கு முன்பே, ஆணுக்கு ஒரு பாடத்திட்டம் பெண்ணுக்கு ஒரு பாடத்திட்டம் வேண்டாம், மனையியலைப் பையன்களும் படிக்கட்டும் என்று கல்வியாளர் ஹன்சா மேத்தா தலைமையிலான குழு சொல்லிவிட்டது. 1948இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தில் ஆண்களைக் குறிக்கிற சொல்லை மாற்றி எல்லா மனிதர்களும் என்று எழுத வைத்தவர் அவர்தான். கேரளத்தில் 2024இல் வந்த புதுப் பாடப்புத்தகத்தில் அப்பா அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற படம் போட்டிருக்கிறார்கள். நம் புத்தகத்திலும் அப்படிப் படங்கள் வரட்டும், வர வேண்டும். ஆனால் படம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கணக்குப் பாடத்தில், “ராமு 5 கிலோ அரிசி வாங்கி மாவரைத்தான், கீதா 1,200 சதுர அடி வீடு கட்டினாள்” என்று கரும்பலகையில் எழுத யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். கடைசி இரண்டு வருஷம் நான் அப்படித்தான் எழுதினேன். முதல் நாள் வகுப்பே சிரித்தது, பத்து நாளில் சிரிப்பு நின்றுவிட்டது, பிறகு அவர்களே அப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், கல்யாணமாகிவிட்டது. போன மாதம் போனில் பேசும்போது, அவளும் அவள் புருஷனும் இரவுச் சமையல் செய்வதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள், “அவர் ரொம்ப ஹெல்ப் பண்றாரும்மா” என்றாள். ஹெல்ப். அந்தச் சொல்லை அவள் என்னிடமிருந்து எடுத்திருப்பாள், நான் அம்மாவிடமிருந்து எடுத்திருப்பேன். சுவரைப் பார்த்து அவ்வளவு கூர்மையாகக் கேட்ட பெண்ணுக்குள்ளும் அது இருக்கிறது. நான் அதை அவளிடம் சுட்டிக்காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் “ஆமாம்மா” என்றாள்.

உங்கள் பள்ளியிலும் மே மாதக் கடைசியில் வெள்ளையடிப்பார்கள். பெயின்டர் ஏணியைச் சாய்த்துவிட்டு, “பழைய வாசகத்தையே எழுதிரட்டுமா டீச்சர்?” என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். என்ன எழுதலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லுங்கள். ஜூன் மாதம் அவர்கள் வரும்வரை அந்த இடம் வெறும் சுவராகவே இருக்கட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு கணக்கு டீச்சர்